காலிக் கோப்பையை முகர்ந்து பாருங்கள்

அண்ணி செத்துப் பல மாதம் கழித்து, ஒரு வெள்ளை ஒயினுக்குள் அவள் வந்தாள்.

நல்ல பகல் வெளிச்சம். நான் வேலை பார்க்கும் ஒயின் கடையின் மாடியறையில் தனியாக உட்கார்ந்து பரீட்சைக்குப் பழகிக்கொண்டிருந்தேன். புதுப் பாட்டில். எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளும் வரவேண்டிய இடத்தில் அந்துருண்டை வந்தது. அதற்குப் பின்னால் கம்பளி. அதற்கும் பின்னால் அண்ணி கைக்குத் தடவிக்கொள்ளும் ரோஜா கிரீம். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நாற்காலிகள், மேஜை, அவளுடைய பழைய மர பீரோ. வேறு யாரும் இல்லை.

பாட்டில் கெட்டிருக்கும் என்று இன்னொன்றைத் திறந்தேன். சிவப்பு. அதிலும் அவள்தான்.

இந்தப் பரீட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேபிளை மறைத்து வரிசையாக ஒயின் வைப்பார்கள். மூக்கையும் நாக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு அது எந்தத் திராட்சை, எந்தச் சீமை, எத்தனை வயது என்று எழுத வேண்டும். தேறினால் ஒயின் நிபுணர் என்று பட்டம். இரண்டு முறை போய் மூக்குடைபட்டு வந்தவள் நான். மூன்றாவது முறையும் கோட்டை விட்டால் அப்புறம் அந்தப் பக்கமே தலைவைக்க முடியாது. அது அவர்கள் சட்டம். கல்லாவில் நின்று பாட்டில் சுற்றிக்கொடுத்துக்கொண்டே படித்தவளுக்குத்தான் அந்தப் பட்டம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

மாடியில் புதியவர்களுக்கு வகுப்பு நடத்தலாம் என்று ஆரம்பித்ததே அண்ணிதான். அவளுக்கு ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதுதான் அவளுடைய தகுதி. டானின் என்ற சமாச்சாரத்துக்குப் புத்தகம் இரண்டு பக்கம் செலவழித்திருந்தது. நான் அதை மனப்பாடமாக ஒப்பித்தேன். அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு, "அட, துவர்ப்பு! காய்க் கொய்யாவைக் கடிச்சா நாக்கைப் பிடிச்சு இழுக்குமே, அதானே? இதுக்கா இவ்வளவு அலட்டல்?" என்றாள். ஒயினின் கனத்தை நான் விளக்கத் திணறியபோது, "தண்ணி, பால், சுண்டக் காய்ச்சின பால். இந்த மூணுல எது மாதிரி வாயில நிக்குது?" என்று கேட்டாள். வகுப்பில் இருந்த பல் டாக்டர் முதல் புதுமணத் தம்பதி வரை எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. எனக்குத்தான் எரிச்சல்.

"நாத்தனாரே, உனக்கு மூக்கு நுனியில கோபம். அதான் வாசனை உள்ள போகமாட்டேங்குது," என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு விதி. "வர்ற வாசனையைச் சொல்லுங்க. நனைஞ்ச பூனைன்னாலும் சொல்லுங்க, யாரும் சிரிக்க மாட்டோம். ஆனா வராத வாசனையை வருதுன்னு மட்டும் சொல்லாதீங்க. இங்க அது ஒண்ணுதான் தப்பு." ஊற்றுவதற்கு முன்னால் இன்னொன்றும் சொல்வாள். "முதல்ல காலி கிளாஸை மோந்து பாருங்க. ஒண்ணுமே இல்லைன்னா அது எப்படி இருக்கும்னு மூக்குக்குத் தெரியணும்ல?"

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது, போய்விட்டாள். அவ்வளவு சுருக்கமாகத்தான் என்னால் அதைச் சொல்ல முடியும்.

அண்ணன் அவள் துணிகளை எல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டு, பீரோவை மட்டும் என்னிடம் அனுப்பினான். "கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு. நீயே வெச்சுக்கோ." நான் அதில் வகுப்புக் கோப்பைகளைக் கவிழ்த்து அடுக்கினேன். வகுப்பை மறுபடி தொடங்கினேன். துவர்ப்பு, பால், பூனை எல்லாம் சொன்னேன். காலிக் கோப்பை விஷயத்தை மட்டும் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் அவள் குரல் வந்துவிடும் போலிருந்தது. விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் வர ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஒயினிலும். முதலில் பயந்தேன், பிறகு பழகிப்போனது, கடைசியில் காத்திருக்கவே ஆரம்பித்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு கோப்பைக்குள் முகத்தை வைத்து, "வந்துட்டியா?" என்று கேட்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்கு வேறு துணை வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பரீட்சை நெருங்கியது. கோப்பைக்குள் அண்ணியை வைத்துக்கொண்டு நான் எந்தத் திராட்சையைக் கண்டுபிடிப்பது? மூக்கு போய்விட்டது என்று முடிவு கட்டினேன். கீழே கடையில் முதலாளி ருசி பார்க்கக் கூப்பிட்டால், சளி என்று சொல்லி நழுவினேன். அவர் முன்னால் குட்டு வெளிப்பட்டால் மானம் கப்பலேறிவிடும்.

இதைவிட மோசமானது வகுப்பில் நடந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ், கோப்பையை முகர்ந்துவிட்டுக் கூச்சத்தோடு, "யாரோ ரொம்ப நாளாப் பூட்டி வெச்ச பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கு," என்றாள். அவளுக்கும் தெரிகிறது. எனக்கு மட்டும் இல்லை.

அன்றே அண்ணனுக்கு போன் செய்தேன். "அண்ணா, அண்ணி இங்க வர்றா."

அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சத்தத்துக்கும் ஒரு கழன்ற போல்ட் உண்டு என்று நம்புகிறவன். "நீ குடிச்சுக் குடிச்சு மண்டை குழம்பிப்போச்சு," என்று திட்டினான். ஆனால் அடுத்த வகுப்புக்கு வந்து நின்றான்.

சொட்டுக்கூடக் குடிக்காதவன். பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நான் எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தபோது அவனுடைய கோப்பையைக் கையால் மூடிக்கொண்டான். பிறகு, சும்மா இருக்க முடியாமல், அந்தக் காலிக் கோப்பையை எடுத்து மூக்கில் வைத்தான். வீட்டில் காபி டம்ளரைக்கூட அப்படி முகர்ந்து பார்க்க அவனைப் பழக்கியிருந்தாள் அண்ணி.

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இதுல ஒயினே இல்லையே," என்றான். "ஆனா அவ இருக்கா."

நான் ஓடிப்போய் பீரோவிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்து முகர்ந்தேன். அந்துருண்டை, கம்பளி, கிரீம். இன்னொன்று. அதேதான். மூடிய மர பீரோவில் கோப்பையைக் கவிழ்த்து வைத்தால் மரத்தில் ஊறிய வாடையெல்லாம் உள்ளே அடைபடும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அதைத்தான் காலிக் கோப்பையை முகர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். புதியவர்களுக்கு முதல் பாடமே அதுதான். நான் அதை விழுங்கிவிட்டிருந்தேன்.

என் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளை இரண்டாம் முறை பறிகொடுத்த மாதிரி, அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் அண்ணன்தான் வெந்நீரில் கோப்பைகளைக் கழுவினான். நான் துடைத்துத் திறந்த அலமாரியில் நிமிர்த்தி வைத்தேன். கடைசிக் கோப்பை வந்தபோது அவன் குழாயை மூடினான்.

"இதை மட்டும் பீரோவுக்குள்ளயே கவுத்து வெச்சிடு. எனக்கு."

பரீட்சைக்கு நம் கோப்பைகளை நாமே கொண்டுபோக வேண்டும். ஊற்றுவதற்கு முன்னால் முதல் கோப்பையை முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொண்டு எழுதினேன். தேறிவிட்டேன். கடை முதலாளி என் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அண்ணன் எல்லா வகுப்புக்கும் வர ஆரம்பித்தான். எல்லோருக்கும் முன்பே வந்து, பீரோவைத் திறந்து, தன் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போவான். அவ்வப்போது கோப்பையை முகத்துக்குக் கொண்டுபோவான். "இன்னிக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கு," என்று ஒருநாள் சொன்னான். திறக்கத் திறக்கக் குறையும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

நேற்று அவன் கோப்பையை எடுத்து, முகர்ந்து, கையால் மூடிக் காத்திருந்து, மறுபடி முகர்ந்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"எனக்கு வரலை. நீதான் பட்டம் வாங்கினவளாச்சே. இன்னும் இருக்காளா பாரு."

வாங்கி முகர்ந்தேன். கண்ணாடி. ஒன்றுமே இல்லையென்றால் அது எப்படி இருக்கும் என்று என் மூக்குக்கு நன்றாகத் தெரியும்.

"இருக்கா, அண்ணா," என்றேன். "அடியில, லேசா. அந்த கிரீம்."

அவன் கோப்பையை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் முகர்ந்தான்.

"ஆமா," என்றான். "இப்பதான் வருது."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. புதியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் முன்னால் போய் நின்று, வராத வாசனையை வருவதாகச் சொல்லக்கூடாது, இங்கே அது ஒன்றுதான் தப்பு என்று அவர்களுக்குச் சொன்னேன்.