சாம்பிளாகப் போன வையாபுரி

வையாபுரி சாம்பிளாகப் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அதில் பூங்காவனத்துக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. பாக்கு வியாபாரம் என்றால் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் போகத்தான் வேண்டும். போன வருஷம் பக்கத்துக் களத்துக்காரர் போய்விட்டு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். கடல் தாண்டி ஒரு நாடு பெத்தநாயக்கன்பாளையத்துப் பாக்கை வாங்கச் சம்மதித்தது. முதலில் இரண்டு கிலோ சாம்பிள் கேட்டது. பூங்காவனத்தின் வீட்டுக்காரர் வையாபுரி ஒரு மஞ்சள் பையில் பாக்கை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். அங்கே எடை போட்டுப் பார்த்ததில் நூறு கிராம் குறைந்தது. எடை குறைந்தால் கொண்டுவந்தவரே சாம்பிள் என்பது விதி. அவர் சட்டைப் பொத்தானில் ஒரு சீட்டைக் கட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். மஞ்சள் பை தபாலில் வீடு வந்து சேர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் ஏற்றுமதி வடிவ அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

"தங்கள் மாதிரி நல்ல நிலையில் உள்ளது. ஆனால் வடிவம் குறிப்பிடப்படவில்லை. உடனே நேரில் வந்து குறிப்பிடவும். குறிப்பிட்ட வடிவத்திலேயே சரக்கு ஏற்றுக்கொள்ளப்படும். மாதிரியும் அதே வடிவத்தில் திருப்பி அனுப்பப்படும்."

பூங்காவனம் கடைசி வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு களத்தில் பாக்கு உரித்துக்கொண்டிருந்த செங்கம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். செங்கம்மாவும் படித்தாள்.

"என்னாக்கா இது? மாமாவையா சொல்றாங்க?"

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப யோசிச்சு எழுதுக்கா."

யோசிக்க நிறையவே இருந்தது. காய்ந்த பாக்கை உரித்து அப்படியே அனுப்பினால் கொட்டைப்பாக்கு. இரண்டாக வெட்டினால் பிளவு. மெல்லிசாகச் சீவினால் சீவல். அண்டாவில் வேகவைத்துக் காயப்போட்டால் களிப்பாக்கு. ஊருக்கு ஒரு பல், பல்லுக்கு ஒரு வடிவம். தப்பான வடிவத்தை அனுப்பினால் சரக்கு கரையிலேயே கிடந்து பூசணம் பிடிக்கும். இருபது வருஷமாக அவள் இந்தக் கணக்கைத் தலைகீழாகத் தெரிந்து வைத்திருந்தாள். ஆனால் இதுவரை அவள் அதில் வையாபுரியை வைத்துப் பார்த்ததில்லை.

ஏற்றுமதி வடிவ அலுவலகம் ஆத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறியதும் ஒரு நடை. நடையின் கடைசியில் ஒரு கதவு. காலை பத்து மணிக்குக் கதவு கண்ணுக்குத் தெரிந்தது. பத்தரைக்கும் அதே அளவில்தான் தெரிந்தது. பூங்காவனம் நடந்துகொண்டே இருந்தாள். வழியில் ஒரு டீக்கடை வந்தது. டீ குடித்தாள்.

"ஆபீசு இன்னும் எவ்வளவு தூரம்?"

"நீங்க எப்ப கிளம்புனீங்க?" என்றார் டீ போட்டவர்.

"பத்து மணிக்கு."

"அப்ப இன்னும் கொஞ்சம் மெதுவா போங்க. வேகமா போனா அது தள்ளிப் போகுது."

அவள் மெதுவாகப் போனாள். கதவு அருகில் வந்தது.

கதவுக்கு வெளியே பெஞ்சில் ஈரோட்டு மஞ்சள் வியாபாரம் செய்யும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தகர டப்பா.

"என்ன சரக்குங்க?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"எங்க கொழுந்தனாருங்க. படிவத்துல பொடின்னு எழுதிப்போட்டேன். அவசரம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பூங்காவனம் டப்பாவைப் பார்த்தாள். "பேசறாரா?" என்றாள்.

"மூடியத் தொறந்தா தும்முறாரு."

"இப்ப எதுக்கு வந்திருக்கீங்க?"

"கிழங்குன்னு மாத்திக் குடுக்க முடியுமான்னு கேக்கத்தான். மூணு மாசமா வர்றேன்." அந்தப் பெண் டப்பாவைத் தூக்கிச் சேலை முந்தானையால் தூசி துடைத்தாள். மூடியை மட்டும் துடைக்கவில்லை. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். பூங்காவனம் போனாள்.

அதிகாரியின் பெயர் மரியதாஸ். தூத்துக்குடிக்காரர். மரியாதையாகப் பேசினார். அவர் மேஜை மேல் வரிசையாகச் சின்னச் சின்னத் தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு தட்டிலும் ஒரு வடிவம்.

"உக்காருங்கம்மா. சாம்பிள் பேரு?"

"வையாபுரி."

"வயசு?"

"நாப்பத்தொம்பது."

"நல்லா முத்துனதுதான்." எழுதிக்கொண்டார். "என்ன வடிவம் போடட்டும்?"

"கொட்டைப்பாக்கு. முழுசு," என்றாள் பூங்காவனம். இதை அவள் பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள்.

மரியதாஸ் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த நாட்டுல முழுசு எடுக்க மாட்டாங்களேம்மா."

"ஏன்?"

"காய்ஞ்சு முழுசா வர்ற எதையும் அவங்க நம்பறதில்ல. உள்ள என்ன இருக்குன்னு தெரியலைன்னு கடல்ல போட்ருவாங்க. பிளவு போடுவமா? பிளவுக்கு அங்க நல்ல பேரு."

"பிளவுன்னா... ரெண்டு பாதியும் வருமா?"

"ரெண்டும் வரும். தனித்தனி சாக்குல. ஒண்ணுக்கொண்ணு பேசிக்காது."

"எந்தப் பாதி சாப்பாடு கேக்கும்?"

"ரெண்டுமே கேக்கும்மா."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். மரியதாஸ் அடுத்த தட்டை நகர்த்தினார்.

"சீவல். போன மாசம் நாப்பது பேரு சீவல்தான் போட்டாங்க. லேசா வரும். பீரோவுல வச்சிக்கலாம்."

"வேண்டாங்க."

"களிப்பாக்கு? வேகவச்சிக் காயவைக்கணும். நெறம் ஏறி நல்லா செவப்பா இருப்பாரு."

"உயிரோடவா வேகவைப்பீங்க?"

மரியதாஸ் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லம்மா," என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

பூங்காவனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். களத்தில் இருபத்திரண்டு மூட்டை கிடக்கிறது. மழை வந்தால் போச்சு. அவள் யாருக்கும் ஒரு தப்பும் செய்யவில்லை. நூறு கிராம் பாக்கு குறைந்ததற்கு ஒரு மனுஷனை இப்படிக் கூறுபோடச் சொல்கிறார்கள். கோபப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மரியதாஸ் அவளுக்குத் தண்ணீர் வேறு ஊற்றிக் கொடுத்தார்.

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமா?"

"தாராளமா கேளுங்க." அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு டெலிபோன் ரிசீவரை எடுத்துக் கொடுத்தார். அதில் ஒயர் இல்லை.

"புள்ள," என்றார் வையாபுரி மறுமுனையில்.

"என்னங்க, எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன். காத்தாட வச்சிருக்காங்க. காலைல ஒருதரம் சாயந்தரம் ஒருதரம் பொரட்டிப் போடறாங்க. ஈரம் எல்லாம் போயிடுச்சு."

"சாப்பாடு?"

"பாக்குக்கு என்னா சாப்பாடு?"

"வடிவம் கேக்கறாங்க. என்னா எழுதட்டும்?"

"நீயே பாத்து எழுது."

அவ்வளவு நேரம் வராத கோபம் இப்போது வந்தது. "எதைக் கேட்டாலும் இதே பேச்சு. வீடு எந்தப் பக்கம் பாத்துக் கட்டறதுன்னு கேட்டதுக்கும் இதே. மகளை யாருக்குக் குடுக்கறதுன்னு கேட்டதுக்கும் இதே. அப்புறம் வருஷக்கணக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியறது. இந்த ஒண்ணையாச்சும் நீங்க சொல்லக்கூடாதா? இது உங்க உடம்புங்க."



"சொன்னா தப்பாயிடுமோன்னு பயந்தாங்கொள்ளியாவே இருந்துட்டேன், புள்ள," என்றார் வையாபுரி. "இரு, பொரட்டிப் போட வந்துட்டாங்க."

ரிசீவர் அடங்கிவிட்டது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் இப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. அதைச் சொல்ல மனுஷன் கடல் தாண்டி ஒரு கிடங்கில் காய வேண்டியிருந்தது. அவள் ரிசீவரை உடனே திருப்பிக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மரியதாஸ் சோற்று டப்பாவைத் திறந்தார். "நான் சாப்பிட்டு முடிச்சா ஆபீசு மூடிரும்மா. வடிவம் எழுதலைன்னா அவங்களா ஒண்ணு போட்டுக்குவாங்க. வழக்கமா பொடிதான் போடுவாங்க."

பூங்காவனம் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள். அடியில், முத்திரை குத்தும் இடத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. பச்சைக்காய்.

"இதையும் எடுப்பாங்களா?"

மரியதாஸ் குனிந்து பார்த்தார். "எடுப்பாங்க. யாரும் கேக்கறதில்ல. பச்சையா, தோலோட, குலைலேர்ந்து பறிச்ச மாதிரி வேணும்."

"முழுசா இருக்கும்ல?"

"ஒரு கீறல் இருக்காது. ஆனா..." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "முத்தியிருக்காது பாத்துக்கோங்க."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பச்சைக்காய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மரியதாஸ் கை கழுவிவிட்டு வந்து முத்திரை குத்தினார்.

"பின்பக்கம் இறக்கியிருப்பாங்க. சரிபாத்து எடுத்துக்கோங்கம்மா."

ஆத்தூரில் கடல் கிடையாது. இருந்தாலும் பின்கதவுக்கு வெளியே ஒரு கப்பல் நின்றது. அதிலிருந்து மரப்பலகை வழியாக ஒருவன் இறங்கி வந்தான். பத்தொன்பது வயது இருக்கும். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. தலை நிறைய முடி. வையாபுரியின் சட்டை அவன் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. பொத்தானில் அந்தச் சீட்டு இருந்தது. இடது காதுக்குக் கீழே வையாபுரிக்கு இருக்கும் அதே மச்சமும் இருந்தது.

அவன் பூங்காவனத்தைப் பார்த்துக் கைகூப்பினான்.

"ஏங்கம்மா, பெத்தநாயக்கன்பாளையத்துக்கு இங்கதான் பஸ்ஸுங்களா?"

வையாபுரியை முதன்முதலில் பெண் பார்க்க வந்த அன்றுதான் அவள் பார்த்தாள். அப்போது அவருக்கு இருபத்து மூன்று. இந்த முகம் அவள் பார்த்திராத முகம். அதில் ஒரு இடத்திலும் அவள் இல்லை.

"நானும் அங்கதான் போறேன்," என்றாள். "வாங்க... வா."

பஸ்ஸில் அவன் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தான். பாக்குக் களத்தில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்கும் என்று சொன்னாள். மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். மகளுக்கு இவனைவிட ஐந்து வயது அதிகம்.

களத்து வாசலிலேயே செங்கம்மா எதிர்கொண்டாள்.

"அக்கா, மத்தியானத்துலேர்ந்து ஒரே கூத்து. உரிச்ச பாக்கெல்லாம் மறுபடியும் தோலு போட்டுக்கிச்சு. மூட்டைக்குள்ளாறவே பச்சைப்பசேல்னு ஆயிடுச்சு. லாரி வந்து அப்படியே ஏத்திக்கிட்டுப் போயிட்டான். முதல் தரம்னு எழுதிக் குடுத்திருக்கான்." அப்புறம்தான் அவனைப் பார்த்தாள். "இது யாரு?"

"சாம்பிள்," என்றாள் பூங்காவனம்.

செங்கம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். காது மச்சத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு உரிக்கிற இடத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். உரிக்க அங்கே ஒன்றும் இல்லை.

பூங்காவனம் உலை வைத்தாள். ரசமும் அவரைக்காய்ப் பொரியலும் செய்தாள். அவனை உட்காரவைத்து இலை போட்டாள். அவன் நன்றாகச் சாப்பிட்டான். எதற்கும் முகம் சுளிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.

"வீடு கிழக்க பாத்துக் கட்டியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்," என்றான்.

பூங்காவனம் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவை அவன் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரருங்களா?" என்று கேட்டான்.

"ஆமா."

"வெளியூரு போயிருக்காருங்களா? எப்ப வருவாரு?"

பூங்காவனம் மனசுக்குள் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தாள். தப்பு வந்துவிடக் கூடாது என்று விரல்விட்டு இன்னொரு தடவை எண்ணினாள்.

"இன்னும் முப்பது வருஷம் ஆகும்," என்றாள்.

அவன் தலையாட்டினான். அது ஒன்றும் அவனுக்கு அதிகமாகப் படவில்லை.

"அப்ப இருந்து அவரையும் பாத்துட்டே போறேனுங்கம்மா," என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.