மறுபக்கத்து நாய்க்கதவு

மாதிரி ரயில் சங்கத்தின் கண்காட்சி மேஜைக்கு முன்னால் குனிந்த லெனார்ட் ப்ரோசர் வெகுநேரம் நிமிரவே இல்லை. கண்ணில் பூதக்கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் ஐவர் பெடோ செய்து கொண்டுவந்திருந்த புதிய மாதிரி ரயில் பெட்டி. ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்த ஆறு சக்கர மூன்றாம் வகுப்புப் பெட்டி, ஒரு கோடியில் கார்டுக்கான அறை. அதன் அசல் நூறு வருடத்துக்கு முன்னால் ஆஷ்மோர் பள்ளத்தாக்கு ரயில்வேயில் ஓடியது.

கார்டு அறைக்குக் கீழே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கதவு. அந்தக் காலத்தில் பயணிகளின் நாய்களை அடைத்துக் கொண்டுபோக ஒரு கூண்டு இருக்கும். அதை வெளியிலிருந்து திறக்கிற கதவு அது. இரண்டு கீல், ஒரு தாழ்ப்பாள், எல்லாம் பித்தளை. பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை: ‘நேரில் அளந்து செய்தது. யாருடைய வரைபடமும் பயன்படுத்தவில்லை.’

“மாட்டிக்கிட்டான்” என்று லெனார்ட் முணுமுணுத்தார். அவருக்கு ஆத்திரமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்தது. ஏனென்றால் அப்படி ஒரு கதவே கிடையாது. அது லெனார்ட் தன் கையால் வரைந்து வைத்த பொய்.

அந்தப் பெட்டிக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு புகைப்படம். அதிலும் ஒரு பக்கம்தான் தெரியும். மறுபக்கம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நாலு வருடத்துக்கு முன்னால் சங்கத்தின் பத்திரிகைக்கு அதை வரைந்தபோது, தெரியாத பக்கத்தில் இந்தக் கதவை நுழைத்துவிட்டார். தன் படங்களை யாரோ சுட்டுத் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள் என்று அவருக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். எவன் பெட்டியில் இந்தக் கதவு முளைக்கிறதோ அவன் திருடன். நாய்க்கதவு என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார்.

மாவட்ட அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். இருபத்திரண்டு வருடத்தில் அறுபத்தொரு பெட்டிகளை வரைந்திருந்தார். ‘லென் வரைஞ்சா சரியா இருக்கும்’ என்ற பேச்சு சொந்த ஊரான லட்லோவைத் தாண்டி, ஸ்காட்லாந்து வரைக்கும் போயிருந்தது. அந்த ஒரு பேச்சுதான் அவருடைய சொத்து. இந்த வருடம் எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போட சங்கம் முடிவு செய்திருந்தது. அதற்குள் பர்மிங்காமிலிருந்து வந்து குடியேறிய இந்தப் பல் டாக்டர், “என்னோட படமும் சிலது சேக்கலாமே” என்று மூக்கை நுழைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி நெஸ்டாவிடம் கொட்டினார்.

“நேர்ல அளந்தானாம்! எதை அளந்தான்? அந்த வண்டியெல்லாம் ஒடைச்சு வெறகாக்கி எழுவது வருஷமாச்சு.”

நெஸ்டா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். “ஒரு நிமிஷம் இரு லென். அந்தக் கதவு பொய்யா?”

“அதைத்தானே இவ்ளோ நேரமா சொல்றேன்.”

“உன் படத்தை வச்சுதானே உன் சிநேகிதர் கில்பர்ட் போன வருஷம் அதே வண்டியைப் பண்ணினாரு? அந்தக் கீல் சரியா வரலேன்னு ஒரு வாரம் பொலம்பினாரே.”

“கில்பர்ட் வேற. அவன் என் படம்னு சொல்லிட்டுத்தான் பண்ணினான்.”

“அவர்கிட்டயாவது சொன்னியா?”

“பொறி வைக்கிறவன் தண்டோரா போட்டுட்டா வைப்பான்?”

“நீ பண்ணின வண்டியில அந்தக் கதவு இருக்கா?”

லெனார்டின் பெட்டியில் கதவு கிடையாது. அதனால்தான் எந்தக் கண்காட்சியிலும் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்தபடி இருக்கும்.

“பல்லு புடுங்குறவர் மேல உனக்கு ஏன் இவ்ளோ வயித்தெரிச்சல்?” என்றாள் நெஸ்டா. அவர் ரொட்டியைத் தொடாமல் எழுந்து போனார்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம். அதுவரைக்கும் இருந்த ஒரு வாரத்தில் லெனார்ட் கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாக மாறியது. பத்திரிகையின் பழைய இதழ்களை ஐவர் இரவல் கேட்டது ஞாபகம் வந்தது. போன குளிர்காலத்தில், “அந்தப் பக்கம் எப்படியிருக்கும்னு எங்கேருந்து தெரிஞ்சுது லென்?” என்று ஐவர் சிரித்துக்கொண்டே கேட்டதும் ஞாபகம் வந்தது. அப்போது சாதாரணமாகப் பட்ட சிரிப்பு இப்போது நக்கலாகத் தெரிந்தது. வியாழக்கிழமை கறிக்கடை வரிசையில் ஐவரே வந்து தோளைத் தொட்டார்.

“சனிக்கிழமை உங்ககிட்ட ஒண்ணு காட்டணும் லென். அசந்துடுவீங்க.”

மிரட்டுகிறான் என்றே லெனார்ட் முடிவு கட்டினார். கறியை வாங்காமல் திரும்பி வந்தவரை நெஸ்டா இன்னொரு தடவை அனுப்ப வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை மதியம் தேவாலயக் கூடத்தில் ஒன்பது பேர். டீ போட்டாயிற்று, பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது. செயலாளர் கில்பர்ட் டான்டி, முன்னாள் தபால்காரர், புத்தக விஷயத்தை எடுத்தார். லெனார்ட் எழுந்து நின்றார். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நம்மகிட்ட ஒரு திருடன் இருக்கான்.”

பிஸ்கட் தட்டு நின்றது.

“ஐவர், உங்க வண்டி நேர்ல அளந்ததுன்னு எழுதியிருக்கீங்க. அந்த நாய்க்கதவையும் அளந்தீங்களா?”

“ஆமா.”

“இல்லாத கதவை எப்படி அளந்தீங்க?” லெனார்டின் குரல் ஏறியது. “அந்தக் கதவு நான் போட்ட பொய். திருடனைப் பிடிக்கிறதுக்குன்னே என் படத்துல வச்சேன். என் படத்தைத் தவிர உலகத்துல எங்கயும் அது கிடையாது!”

கில்பர்ட் டீக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். யாரும் ஐவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் லெனார்டையே பார்த்தார்கள். அது ஏன் என்று அவருக்கு அப்போது உறைக்கவில்லை. மற்றவர்களின் அதிர்ச்சி ஐவர் மேல் என்று நினைத்துக்கொண்டார்.

ஐவர் தன் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, புகைப்படங்களை ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினார். க்ளன் பக்கம் ஒரு பண்ணை. முள்வேலிக்குப் பின்னால், சக்கரமில்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பழைய ரயில் பெட்டி. உள்ளே கோழி வளர்க்கிறார்கள். ஜன்னலில் தகரம், கூரையில் பாசி. கார்டு அறைக்குக் கீழே, பதினெட்டு அங்குல அளவுகோல் வைத்து எடுத்த படத்தில், துருப்பிடித்த இரண்டு கீலோடு ஒரு சின்னக் கதவு.

“ஆஷ்மோர் வண்டிதான். எண் உள்பக்கம் செதுக்கியிருக்கு” என்றார் ஐவர். அவர் குரலில் கோபமே இல்லை; அதுதான் லெனார்டை இன்னும் குத்தியது. “உண்மையச் சொல்லிடறேன் லென். அந்தப் பக்கத்துக்கு நீங்க ஆதாரம் எதுவும் எழுதலே. கற்பனையா வரைஞ்சிருப்பீங்கன்னு எனக்குச் சந்தேகம். தப்பைக் கண்டுபிடிக்கத்தான் எட்டு மாசம் பண்ணை பண்ணையா அலைஞ்சேன். போய்ப் பாத்தா கதவு இருக்கு! இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமேன்னு வெக்கமாப் போச்சு. இதைக் காட்டி, புத்தகத்துக்கு உங்க படம் மட்டும் போதும்னு சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன்.”

லெனார்ட் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கதவு அப்படியேதான் இருந்தது.

“அப்ப என் வண்டி சரி” என்றார் கில்பர்ட்.

“சரிதான் கில்பர்ட், பாரு, என் படம் சரியாத்தான்...”

“உன் வண்டிதான் தப்பு.”

“ஆமா.”

“ஆனா எனக்குக் குடுக்கும்போது அது பொய்னு நெனைச்சுத்தானே குடுத்தே?” கில்பர்ட் சத்தம் போடவில்லை. “ஒரு வாரம் அந்தக் கீலோட மல்லுக்கட்டினேன். தினம் உன் வீட்டுக்கு வந்து கேட்டேன். சூடா டீ குடுத்து, இன்னும் கொஞ்சம் மெலிசா ராவுன்னு சொன்னே.”

“திருடனுக்கு வச்சதுப்பா அது. உனக்கில்லே.”

“மிச்சம் அறுபது படத்துல?”

“ஒண்ணுலயும் இல்லே. சத்தியமா இல்லே கில்பர்ட். இது ஒண்ணுதான்.”

அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்தக் கூடத்தில் அதை நம்புவதற்கு யாரிடமும் ஒரு காரணம் இல்லை. இருந்த காரணத்தைப் பத்து நிமிடத்துக்கு முன்னால் அவரே எழுந்து நின்று அடித்து நொறுக்கியிருந்தார். மூலையில் இருந்த ஒருவர் தன் அட்டைப்பெட்டியைத் திறந்து, தான் செய்த பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். இன்னொருவர் பையில் அளவுகோலைத் தேடினார்.

கில்பர்ட் அன்றைக்குக் காட்டுவதற்காக ஒரு முதல் வகுப்புப் பெட்டி கொண்டுவந்திருந்தார். லெனார்டின் படத்தை வைத்து அவர் செய்த பதினாலாவது. பாலேட்டு நிறம், ஜன்னலைச் சுற்றி மயிரிழை தங்கக் கோடு, ஒன்றரை வருட உழைப்பு. அதை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். லெனார்ட் பாதி எழுந்து, “அது சரியா இருக்கு கில்பர்ட், ஒவ்வொரு கோடும் நான்...” என்று ஆரம்பித்தார்.

கில்பர்ட் அவரைத் தாண்டி நடந்து போய், பெட்டியை ஐவரின் முன்னால் வைத்தார்.

“டாக்டர், இந்த வண்டி எங்கயாவது மிச்சம் இருக்கா? போய் அளந்து பாக்கணும்.”