வேம்படியில் செருப்புச் சத்தம்

தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது, காலனிப் பூங்காவில் தப்பியது ஒரே ஒரு வேப்பமரம்தான். தூங்குமூஞ்சி மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்க, அது மட்டும் கிளை முறியாமல் நின்றது. தையல் கடை அமராவதி அதற்கு மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்தாள். அதன்பின், பூங்காவைச் சீராக்க ஞாயிறுதோறும் கூடிய காலனிக்காரர்கள் கோயிலுக்குள் போவதுபோல வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை, வழக்கமாகிப்போனது.

சித்திரையில், சருகு அள்ளிக்கொண்டிருந்த ராமாமிர்தத்தின் வெறுங்காலில் கண்ணாடி விரியன் கடித்தது. அவர் பிழைக்கவில்லை. கூலிக்கு வந்த ஆளென்றால் ஏதாவது கிடைத்திருக்கும், தானாக வந்தவருக்கு யார் பொறுப்பு என்று, நஷ்டஈடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் கைவிரித்தார்கள். அவர் மனைவி புஷ்பவள்ளி முச்சந்தியில் இட்லிக் கடை போட்டாள்.

அவருடைய செருப்பு மட்டும் பூங்கா வாசலிலேயே கிடந்தது. தொட யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகுதான் அமராவதிக்கு அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. எல்லாரும் வெறுங்காலோடு குனிந்து வேலை செய்கையில், வேம்படிச் சருகின்மேல் செருப்புக்கால் நடக்கும். சரக், சரக். நிமிர்ந்தால் ஆள் இருக்காது. வாசலில் செருப்பு வைத்தபடியே இருக்கும். ஆனால் அதன் வாரில் பொட்டுப் புழுதி இருக்காது. கூட வேலை செய்த தட்சிணாமூர்த்தி ஒருநாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, தனக்கும் கேட்கிறது என்றார். ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள்.

இன்னொரு வீட்டுக்குப் புஷ்பவள்ளியின் கதி வரக் கூடாது என்று அமராவதி இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஞானசேகரனைக் கூட்டிவந்தாள். குழு மொத்தத்துக்கும் விபத்துக் காப்பீடு எடுக்கலாம் என்ற அவர், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துத் தயங்கினார்.

"பூட்ஸ் போடணும்க்கா. வெறுங்காலோட அரிவாள் புடிக்கிற ஆளுங்கள எந்தக் கம்பெனியும் ஒத்துக்காது."

"அம்மன் எதிர்ல பூட்ஸா? பாம்பு பத்தாதுன்னு அம்மையும் வார்க்கணுமா சார்?" என்றார் தட்சிணாமூர்த்தி.

அடுத்த ஞாயிறு, அமராவதி வாங்கிவந்த ரப்பர் பூட்ஸ்கள் ராமாமிர்தத்தின் செருப்புக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. ஒருவரும் தொடவில்லை. அமராவதியே ஒன்றைக் கையில் எடுத்துவிட்டு, மஞ்சள் துணியைப் பார்த்தபடி நின்றாள். இன்று கலைந்தால் இனி யாரும் கூடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

அப்போது புஷ்பவள்ளி வந்தாள். முந்தானையால் கணவனின் செருப்பைத் துடைத்தாள்.

"கடைக்குப் போறப்ப தெனம் துடைச்சி வச்சிட்டுத்தான் போறேன். முள்ளு குத்தாம இருக்கட்டும்னு நான்தான்க்கா இத வாங்கிக் குடுத்தேன்."

பிறகு அமராவதியின் கையிலிருந்த பூட்ஸை வாங்கி, அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கால நீட்டுக்கா. புள்ளைங்க கால்ல செருப்பு இருந்தா எந்தத் தாயி கோச்சிப்பா?"

அமராவதி காலை நீட்டினாள். தட்சிணாமூர்த்தி வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டு தானும் ஒரு ஜோடியை எடுத்தார். ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள். பேப்பர் வேலையை நாளைக்கே ஆரம்பிக்கிறேன் என்றார், பார்க்க வந்திருந்த ஞானசேகரன்.

வெயில் ஏறியதும் எல்லாரும் வேலையை நிறுத்தி டீக்கு நின்றார்கள். ஒரு காலும் அசையவில்லை. அந்த அமைதியில் வேம்படியிலிருந்து சத்தம் புறப்பட்டது. சரக், சரக். அவர்களைக் கடந்து வாசலுக்குப் போய் நின்றது.

புஷ்பவள்ளி எழுந்து வாசலுக்கு நடந்தாள். செருப்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்றாள் மெதுவாக.