வெங்கியின் காது

தரையில் கிடத்தியிருந்த அப்பாவின் கால்மாட்டில் சண்முகம் அந்த அட்டைப்பெட்டியை இறக்கினார். தலைக்குக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கூடத்துக்கு வந்த வெங்கி அப்படியே நின்றான். அவன் வீட்டு அலமாரியில் இருக்கவேண்டிய பெட்டி அது.

"இது எப்படி இங்கே?"

"உன் சம்சாரங்கிட்ட சாவி வாங்கினு போய் எடுத்தாந்தேன். உங்கப்பா உனக்குக் குடுத்த ரெக்கார்டுங்கதான்பா."

பேங்கில் ரிட்டயரான தொம்மலூர் சண்முகம், ஹோட்டலில் பியானோ வாசித்த ரிச்சர்ட்ஸ் டவுன் மௌரீன், பொதுப்பணித் துறையில் ஃபைல் தள்ளிய அப்பா சேஷகிரி. ஒரு வீட்டில் இருந்தே தீரவேண்டிய ஜாஸ் ஆல்பங்கள் எவை என்று ஞாயிறுதோறும் கூடிச் சண்டை போட்டவர்கள். ஊரே சி.டி.க்கு மாறிய பிறகும் அந்த வழக்குக்குத் தீர்ப்பு வரவில்லை. ஒன்றில் மட்டும் ஒற்றுமை. கூட்டத்தில் யார் போனாலும், தூக்குவதற்கு முன் ஒரு ரெக்கார்டின் ஒரு பக்கம் ஓடவேண்டும். எது என்று, போனவர் யார் காதை நம்பினாரோ அவர் சொல்லவேண்டும்.

"உன் பேரைத்தான் சொல்லியிருக்கார் மேன்," என்றாள் மௌரீன். "'என் பையன் காதுக்கு முன்னாடி நீங்கள்லாம் செவிடு'ம்பார். எனக்கு எவ்ளோ கோபம் வரும் தெரியுமா?"

அந்தக் காது எங்கே கொள்முதல் ஆனது என்பது வெங்கிக்குத்தான் தெரியும். வெளிநாடு போகிறவர்களைக் கெஞ்சி, தீபாவளிக்குத் தீபாவளி ஒரு ரெக்கார்டு வரவழைப்பார் அப்பா. "இது இல்லாத வீடு வீடே இல்லைடா" என்று கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு போனில் கேட்பார், எப்படி இருந்தது என்று. வெங்கிக்கு ஈஜிபுராவில் டைல்ஸ் கோடவுன். பெட்டியைப் பிரிக்காமலே, மேலே அச்சடித்திருப்பதை வைத்துச் சரக்கைத் தூக்கி நிறுத்துகிற வித்தை கைவந்தவன். அதையே அப்பாவிடமும் காட்டினான். உறையின் பின்பக்கத்தைப் படித்து, நடுநடுவே ஒரு பெருமூச்சைச் சேர்த்து விற்றான். அப்பா சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டார். ஒரு நாளும் பேரம் பேசவில்லை.

"இங்கிலீஷ் பாட்டா? இது எந்த சாஸ்திரத்துல இருக்கு?" என்றார் வாத்தியார்.

"அவர் சாஸ்திரத்துல இருக்கு. வண்டி வர வரைக்கும் பொறுத்துக்கோங்கோ," என்றாள் அம்மா பாமா.

வெங்கி பெட்டியைத் தொடவில்லை. "நீங்களே பாத்து எதையாவது…"

"நான் எடுத்தா இவர் ஒத்துக்க மாட்டார்."

"நீ எடுத்தா பியானோதான் வரும், வேற இன்னா வரும்?" என்றார் சண்முகம்.

மௌரீன் சிரித்தபடியே மேலே இருந்ததை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் உறை பளபளத்தது. கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள், ஓரம்கூடப் பிரியாமல். அடுத்ததை எடுத்தாள். அதுவும் பளபளத்தது. மூன்றாவதை எடுக்கவில்லை. மற்றவற்றின் முதுகை விரலால் ஒரு தடவு தடவிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

சண்முகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா… பத்திரமா வெச்சினு இருக்கே," என்றார்.

அதற்கு அவர் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.

அம்மா மட்டும் மகனைப் பார்க்கவில்லை. "அந்த நீல உறை ரெக்கார்டைப் போடு. போன தீபாவளியோடது," என்றாள்.

ஈர விரலுக்குத் தாள் பிடி கொடுக்கவில்லை. கூடத்தில் அத்தனை பேர் பார்க்க, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, சிப்ஸ் பாக்கெட்டைப் போல அதைப் பல்லால் கடித்துக் கிழித்தான்.

"எந்தப் பக்கம்?" என்றாள் மௌரீன்.

"ரெண்டாவது."

அந்தப் பக்கத்தைத்தான் போனில் ஒரு தூக்காகத் தூக்கியிருந்தான். "அந்த ட்ரம்பெட் இருக்கே அப்பா, ஒரு மனுஷன் தனியா உக்காந்து அழற மாதிரி இருக்கு!"

அப்பாவின் ரெக்கார்டு பிளேயரில் பியானோ தொடங்கியது. கூடவே டபுள் பேஸ், சன்னமாக டிரம்ஸ். மௌரீனின் விரல்கள் மடியில் அசைந்தன. வெங்கி காத்திருந்தான். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று வந்தது. அதுவும் முடிந்தது. ட்ரம்பெட் வரவில்லை. ஊதுகிறவர் முதல் பக்கத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார் போலிருக்கிறது.

அன்று போனில் அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தது இப்போது ஞாபகம் வந்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று இவன் 'ஹலோ ஹலோ' என்று கத்தினான்.

"இருக்கேன்டா," என்றார் அப்பா. "நன்னா சொல்றே. மேல சொல்லு."

இவனும் மேலே சொன்னான்.

சண்முகம் ஊசியைத் தூக்கி வைத்தார். வாசலில் வண்டி டிரைவர், "சார், டைம் ஆயித்து," என்றான்.

"வாய்க்கரிசி போடணும், வாங்கோ," என்று வாத்தியார் கூப்பிட்டார். "அப்பா முகத்தைப் பாத்துப் போடுங்கோ."

வெங்கி அரிசியை அள்ளினான். பார்வை அப்பாவின் தோள்வரை போய் நின்றுவிட்டது. பாதிதான் வாயில் விழுந்தது. மீதி மோவாயில் உருண்டு கழுத்துக் குழியில் தங்கியது. அவன் குனிந்து ஒவ்வோர் அரிசியாகப் பொறுக்கினான்.

"போறும், விடுங்கோ," என்றார் வாத்தியார்.

அவன் பொறுக்கிக்கொண்டே இருந்தான்.