திரும்பிப் பார்த்த தெரு

பாய்லர்காரருக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. முப்பத்தோரு வருடம் கொதிகலன் அறையில் நின்றவர். முதலில் கொசு போயிற்று, அடுத்து அலாரக் கடிகாரம், அப்புறம் மனைவியின் முணுமுணுப்பு, கடைசியில் அவள் திட்டு. திட்டு கேட்காமல் போன நல்ல சேதியை மட்டும் இரண்டு வருடம் அவர் வீட்டில் சொல்லவில்லை.

கார் ஓட்டும்போது மனைவிதான் காது. பின்னால் ஹார்ன் அடித்தால் அவர் முழங்காலில் ஒரு தட்டு, ஆம்புலன்ஸ் என்றால் இரண்டு, சொந்த வண்டியிலேயே ஏதாவது சத்தம் என்றால் நறுக்கென்று ஒரு கிள்ளு. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஆனாலும் சாயங்காலம் அவர் காரை எடுப்பார். அவளைச் சிகிச்சைக்கு அழைத்துப் போன அதே வழியில் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பி வருவார். வேறு எங்கே போவது என்று அவருக்கும் தெரியவில்லை, காருக்கும் தெரியவில்லை.

இந்த மூன்று மாதமும் தெரு காட்டிய மரியாதையை என்னவென்று சொல்வது! கார் முனையில் வேகத்தைக் குறைத்தாலே போதும், பழக்கடைக்காரர் தராசை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். பல்வைத்தியர் ஜன்னலைத் திறப்பார். திறந்த வாய் திறந்தபடி நோயாளியும் எட்டிப் பார்ப்பார். முன்பின் தெரியாதவர்கள்கூட நெஞ்சில் கைவைத்து நின்றார்கள். எப்பேர்ப்பட்ட மனுஷி, ஊரே துக்கம் கேட்கிறதே என்று நினைத்துக்கொள்வார். எல்லோருக்கும் கையை உயர்த்தி நன்றி சொல்லிக்கொண்டே போவார். பிரேக்கை மிதிக்கும்போது கால் கிடுகிடுவென்று ஆடியதை, வயதும் துக்கமும் சேர்ந்து ஆட்டுவதாக எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் மனைவியின் தம்பி வந்தார். வாயசைவு தெரியட்டும் என்று முகத்துக்கு நேரே நின்றுகொண்டார்.

"அத்தான், உங்க பொண்ணு போன் பண்ணினா. நாளைக்கு வர்றாளாம். அந்த பிரேக் சத்தம் இன்னும் இருந்தா சாவியைப் பிடுங்கிட்டுப் போயிடுவாளாம்."

"என்ன சத்தம்?"

"என்ன சத்தமா? ஜல்லி உடைக்கிற மிஷின்ல தகர டப்பாவைப் போட்ட மாதிரி! ரெண்டு தெரு தள்ளி எங்க வீட்டுல பால் திரிஞ்சு போகுது. ஊரே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிப் பாக்குதே, நீங்க பாக்கலையா?"

பால் திரிந்த கதையைப் பாய்லர்காரர் தள்ளிவிடலாம். ஊர் நெஞ்சைப் பிடித்ததைத் தள்ள முடியவில்லை.

"பாத்தேன்," என்றார். "ஜாக்கை எடு."

முதலில் டார்ச் அடித்து முன்சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தார். பிரேக் பேட் விரல் கனத்துக்கு இருந்தது.

"நல்லாத்தானேடா இருக்கு? உனக்குத்தான் காது கோளாறு."

"வெளியில பாத்து முடிவு பண்ணித்தான் எங்க அக்காவையும் கட்டினீங்க, அப்புறம் வாங்கிக் கட்டிக்கிட்டீங்க. கழட்டுங்க அத்தான்."

பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கில் தூக்கி, அடியில் ஸ்டாண்டும் கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றினார்கள். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைத் தூக்கியதும் குட்டு வெளிப்பட்டது. உள்பக்கத்து பேடில் பேடே இல்லை. வெறும் இரும்புத் தகடு. காலிப்பர் நகர்வதற்கான இரும்புப் பின் துருப்பிடித்து இறுகியதால் ஒரு பக்கம் மட்டுமே தேய்ந்து, தகடு டிஸ்க்கை உழுதிருந்தது.

வரப்பு வரப்பாக இருந்த பள்ளத்தில் பாய்லர்காரர் கட்டைவிரலை ஓட்டினார். ஒரு வாரத்தில் விழுந்த பள்ளம் அல்ல. கடைசி நாட்களில் அவள் ஜன்னலில் தலை சாய்த்தபடியே வந்தாள், ஒரு தரமும் கிள்ளவில்லை. சத்தம் இல்லாததாலா, கிள்ளக் கையில் தெம்பு இல்லாததாலா? டிஸ்க் அதைச் சொல்லவில்லை.

"அத்தான், ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மத்தியானமே மூடிடுவான்," என்று மைத்துனர் தோளைத் தொட்டார்.

இரண்டு புதிய டிஸ்க்கும் நான்கு பேடும் வாங்கி வந்தார்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்து, பின்னுக்குக் கிரீஸ் தடவி, பிஸ்டனை உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் மாட்டி முடிக்கையில் வெயில் சாய்ந்துவிட்டது. பெடல் கல்லாக இறுகும்வரை அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். அதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

மைத்துனர் முனையில் போய், பழக்கடை ஸ்டூலில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாய்லர்காரர் வந்து அழுத்தி மிதித்தார். கால் ஆடவில்லை. மைத்துனர் கட்டைவிரலை உயர்த்தினார்.

பழக்கடைக்காரர் ஆரஞ்சு நிறுத்துக்கொண்டிருந்தார். பல்வைத்தியரின் ஜன்னல் சாத்தியே இருந்தது. பாய்லர்காரர் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார். மூன்றாம் தரமும் வந்தார். மைத்துனருக்குக் கட்டைவிரல் வலி எடுத்தது. வேறு ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. பாதி உயர்த்திய கையை அவர் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். அன்று ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

மறுநாள் மகள் வந்தாள். தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"வெண்ணெய் மாதிரி நிக்குதுப்பா. இந்தாங்க, சாவியை நீங்களே வச்சுக்கோங்க."

அவர் கையை நீட்டவில்லை.

"நீயே வச்சுக்கோம்மா."

"அதான் சரியாயிடுச்சே!"

"ஆயிடுச்சு. ஆனா மூணு மாசமா கெட்டுக் கிடந்தது எனக்குத் தெரியலையே. யாராவது குறுக்க வந்து கத்தியிருந்தா, அவங்களுக்கும் நான் கையைத்தான் காட்டியிருப்பேன்."

மகள் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"சரி, ஏறுங்க. ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

அவர் வாழ்க்கையில் முதல்தரம் அந்தக் காரின் பக்கத்து சீட்டில் ஏறினார். குட்டைக் கால்காரியான மனைவிக்காக முன்னால் இழுத்துவிட்ட சீட், இழுத்தபடியே இருந்தது. முழங்கால் இரண்டும் டாஷ்போர்டில் இடித்தன. மகள் குனிந்து, சீட்டைப் பின்னால் தள்ளும் கம்பியைத் தேடினாள்.

"இருக்கட்டும்," என்று அவள் கையைப் பிடித்தார்.

"வலிக்குமேப்பா."

அவர் அவள் வாயைப் பார்க்கவில்லை. கால்களை மடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.