மெடோரின் நீளம்

"கத்தியத் தொட்டுப் பாரு, அப்புறம் கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல! இப்பவே போயி—"

"கேளுடி, நான் சொல்றத முழுசாக் கேளு, ஊரு முழுக்க—"

"—இப்பவே போயி ஆல்சிட் கையில மோதிரத்தக் குடுத்துட்டு வந்துருவேன்!"

"—ஊரு முழுக்கச் சொல்லியாச்சு! கோயில் வாசல்ல நின்னு, சனிக்கிழம ஆமக்கறி விருந்துன்னு நானே சொன்னேன். இப்ப இல்லன்னு சொன்னா என் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்கறது?"

"இருக்கற எடத்துலயே வெச்சுக்க. அதப் பாக்கறதுக்குன்னு யாரும் வரப்போறதில்ல."

சண்டை நடந்தது லியோன்டினின் வீட்டுப் பின்புறம், ஆமைப் பட்டியின் கல்சுவருக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவள் அண்ணன் ஒக்தாவுமாக. நடுவில் மெடோர் பப்பாளித் தோலை மென்று கொண்டிருந்தது. தன் உயிரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அதற்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு தோல் முடிந்ததும் அடுத்ததற்குக் கழுத்தை நீட்டியது.

லா தீக் தீவில் பெண் குழந்தை பிறந்தால் அப்பன் பட்டியில் ஓர் ஆமைக் குஞ்சை விடுவான். பெண்ணும் வளர்வாள், ஆமையும் வளரும். அவள் கல்யாணத்தன்று அது விருந்தாகும். லியோன்டின் பிறந்த வாரத்தில் விடப்பட்டதுதான் மெடோர். அவளுக்கு வயது நாற்பத்தைந்து ஆகிவிட்டது. கூடப் பிறந்த பெண்களின் ஆமைகள் எல்லாம் எப்போதோ தேங்காய்ப்பாலில் வெந்துபோயின. "மாப்பிள்ள வரக்கூடாதுன்னு மெடோர்தான் தினம் ஜெபம் பண்ணுது" என்று ஊர் கேலி பேசியது. லியோன்டினும் சேர்ந்து சிரித்தாள். படகு கட்டும் ஆல்சிட், மனைவியை இழந்து ஆறு வருடம் தனியாக இருந்தவன், இந்த வருடம் வந்து கேட்டான். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, பட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் அவளுக்குத் திக்கென்றது.

அப்பா போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம். விருந்து வைக்கும் பொறுப்பு அண்ணனுடையது. அண்ணனோ காலையிலிருந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"இங்க பாரு தங்கச்சி," ஒக்தாவ் குரலைத் தாழ்த்தினான். "ஆம ஆமதான். நீ என்னமோ உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கற மாதிரி அழுவுற. கலாபகோஸ்ல நான் பாத்தேனே—"

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் ஃபிலோமென். தீவின் பாதிக் கல்யாணங்களுக்குச் சமைத்தவள். எவ்வளவு பெரிய அண்டா கொண்டுவர வேண்டும் என்று ஆமையைப் பார்த்துவிட்டுப் போக வந்தவள், சண்டை சுவையாக இருந்ததால் மரக்கட்டை ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். வேலியோரம் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"—அதுதான் ஆம! அதுக்குப் பக்கத்துல இத வெச்சா, கூழாங்கல்லு!"

"கூழாங்கல்லா?"

"கூழாங்கல்லு. கயிறு இருக்கு வீட்டுல, அளந்து கொண்டாந்த கயிறு. வேணும்னா வந்து பாரு."

அந்தக் கயிற்றை அறியாதவர் தீவில் இல்லை. கப்பலில் வேலை பார்த்த காலத்தில், உலகத்தின் அந்தப் பக்கம் போய், அங்கே ஒரு தீவில் கண்ட பெரிய ஆமையை அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு ஒக்தாவ் கொண்டுவந்தது. பதினைந்து வருடமாக அவன் வீட்டு வாசல் நிலையில் தொங்கியது. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைத் தொட்டுப் பார்த்து வாயைப் பிளக்காமல் உள்ளே போக முடியாது.

லியோன்டினுக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ.

"மெடோர் அதவிடப் பெருசா இருந்தா?"

ஒக்தாவ் சிரித்தான். வேலியோரமும் சிரித்தது.

"சிரிக்காதே. பதில் சொல்லு. இருந்தா?"

"நான் என் கண்ணால பாத்தத விட இது பெருசா இருந்தா, இந்தக் கத்தியக் கடல்ல வீசிட்டு, இது முன்னாடி தொப்பியக் கழட்டிட்டு நிக்கறேன். போதுமா?"

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா. சின்னதா இருந்தா நீ வாயத் தொறக்கக் கூடாது. உன் கையாலயே பட்டிக் கதவத் தொறந்து விடணும்."

"சரி."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் யாரோ கயிறு எடுக்க ஓடிவிட்டார்கள்.

அளப்பதற்கு ஆல்சிட்டைக் கூப்பிட்டார்கள். ஆல்சிட் போட்ட கோட்டில் மயிரிழை தவறாது என்பது ஊரறிந்தது. மரத்தூள் படிந்த கையோடு வந்தான். விஷயத்தைக் கேட்டான். லியோன்டினை ஒருமுறை பார்த்தான். இரண்டு குச்சி எடுத்துக்கொண்டு பட்டிக்குள் இறங்கினான்.

இந்தத் தீவுகளில் ஆமையை அளப்பது தரையில்தான். அந்தக் காலத்தில் தூரத்துத் தீவுகளிலிருந்து பாய்க்கப்பலில் ஏற்றி வரும்போது, ஒவ்வோர் ஆமையும் கப்பல் தளத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதுதான் தலைவனின் கேள்வி. அதனால் ஓட்டின் முன்விளிம்புக்கு நேராக ஒரு குச்சி, பின்விளிம்புக்கு நேராக ஒரு குச்சி. நடுவில் உள்ள தரைதான் ஆமையின் நீளம். வேறு விதமாக அளக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஆல்சிட் குச்சிகளை நட்டான். ஒக்தாவ் ஒரு முடிச்சை முன் குச்சியில் வைத்து, கயிற்றைத் தரையோடு தரையாக இழுத்தான். கயிறு பின் குச்சியைத் தாண்டியது. தாண்டி, ஒரு சாண் போய், இன்னும் அரைச் சாண் போய் நின்றது.

"பாத்துக்கங்க எல்லாரும்! பாத்துக்கங்க! நான் சொல்லல?"

"அப்ப நாப்பது தேங்கா," என்றாள் ஃபிலோமென், விரலை மடக்கிக்கொண்டே.

ஆல்சிட் குனிந்தபடியே இருந்தான். குச்சியை ஒரு விரல் தள்ளி நட்டிருக்கலாம், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவன் இல்லை என்பதால்தானே லியோன்டின் அவனுக்குச் சரி என்று சொன்னாள். இப்போது அதுவே வலித்தது.

"கதவத் தொறடி," என்றான் ஒக்தாவ்.

அவள் கதவின் குறுக்குக் கட்டையில் கை வைத்தாள். கை வைத்தபடியே நின்றாள். அவசரமில்லை என்பதுபோல் அண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வேலிப் பக்கம் திரும்பிக் கதை சொல்ல ஆரம்பித்தான். நூறு தடவை சொன்ன கதை. நூறு தடவையும் அவள் காதை மூடிக்கொண்டு அடுப்பைப் பார்த்திருக்கிறாள். இன்று மூட முடியவில்லை. கை கட்டையில் இருந்தது.

"லேசுல அளந்தேனா நெனச்சீங்க? அது படுத்துக் கெடக்கு, கன்னுக்குட்டிய மூடி வெக்கலாம், அவ்ளோ பெருசு. கயிறப் போட்டா நிக்க மாட்டேங்குது. இந்தப் பக்கம் வழுக்குது. மறுபடி போட்டா அந்தப் பக்கம் வழுக்குது. கப்பல் சமையக்காரன் அந்த ஊருக்காரன், அவன்தான் வந்து காத்துல தொப்பியப் புடிச்ச மாதிரி உள்ளங்கைய வெச்சு அழுத்திக்கிட்டான்—"

"எங்க வெச்சான்?" என்றாள் லியோன்டின்.

"என்ன எங்க?"

"உள்ளங்கைய எங்க வெச்சு அழுத்துனான்?"

"உச்சியிலதான்."

"எதோட உச்சியில?"

"ஆமயோட முதுகு உச்சியிலடி! பின்ன என்ன, என் உச்சியிலயா?"

வேலியோரம் சிரித்தது. லியோன்டின் சிரிக்கவில்லை. கட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"அண்ணே. அங்க நீ குச்சி நட்டியா?"

"அங்க ஏது குச்சி? வெறும் பாறையும் முள்ளும்."

"அப்ப அந்தக் கயிறு மேடு ஏறி எறங்கியிருக்கு."

"எந்த மேடு?"

"அந்த ஆமயோட முதுகு மேடு! அங்க முதுகு மேல அளந்துட்டு, இங்க தரையில அளக்குற. அந்த ஆமைக்கு மல, என் ஆமைக்கு மட்டும் சமவெளியா?"

வேலியோரம் முதுகு மேட்டைப் பார்க்கக் கழுத்தை நீட்டியது. மெடோர் மென்றுகொண்டே இருந்தது.

ஆல்சிட் நிமிர்ந்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தான். "மச்சான், ஒரு படகுக்கு அடிமரத்தோட நீளமும், வயித்து வளைவோட போற பலகையோட நீளமும் ஒண்ணா?"

"அது... படகு."

"ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான். ஆனா நம்ம ஊருல ஆமய முதுகு மேல அளக்கறது வழக்கம் இல்ல!"

"அப்ப நம்ம ஊரு வழக்கப்படி அந்த ஆமய அளந்துட்டு வா," என்றாள் லியோன்டின். "போ. நான் கல்யாணத்தத் தள்ளி வெக்கறேன். அடுத்த கப்பல் எப்போ?"

ஃபிலோமென் மரக்கட்டையிலிருந்து எழுந்தாள். "கயிற இங்க குடு ஒக்தாவ். உச்சியில கை வெக்க நான் வர்றேன். நானும் சமையக்காரிதான்."

மெடோருக்கு இந்தக் கூட்டம் பிடிக்கவில்லை. புஸ்ஸென்று மூச்சை விட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. லியோன்டின் முன்பக்கம் மண்டியிட்டு, முடிச்சை ஓட்டின் முன்விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். கயிறு மேடேறியது. உச்சியில் ஃபிலோமெனின் அகன்ற கை அதைப் பிடித்தது. பின்பக்கம் குந்திய ஒக்தாவ் அடுத்த முடிச்சை வாலின் மேல்விளிம்புக்குக் கொண்டுபோனான்.

முடிச்சு விளிம்புக்குப் போகவில்லை.

அவன் இழுத்தான்.

"இழுக்காத மச்சான்," என்றான் ஆல்சிட். "கயிறுதான் அறும். ஆம சுருங்காது."

ஆல்சிட் விரலை வைத்துப் பார்த்தான். முடிச்சுக்கும் ஓட்டின் விளிம்புக்கும் நடுவில் அவனுடைய நாலு விரல் தாராளமாகப் படுத்தது. ஐந்தாவதும் பாதி நுழைந்தது.

"நாலு வெரலு!" என்று கத்தினாள் ஃபிலோமென். "மாதாவே, நாலு வெரலு கூட!"

வேலி ஆடியது. யாரோ தகரத்தைத் தட்டினார்கள். "கலாபகோஸ் கூழாங்கல்லு!" என்று ஒருவன் கூவ, பத்துப் பேர் அதையே பிடித்துக்கொண்டார்கள். லியோன்டின் மண்டியிட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறோமா அழுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

"இருங்க, இருங்க!" ஒக்தாவ் கையைத் தூக்கினான். "நீளம் சரி. ஒயரம்? அது கழுத்தத் தூக்குனா என் நெஞ்சு வரைக்கும் வரும். இது என்ன பண்ணும்? இதுக்குத் திங்க மட்டும்தான் தெரியும்."

லியோன்டின் மறுபடி மண்டியிட்டாள். உள்ளே ஒடுங்கியிருந்த தலையருகே கையை நீட்டி, தாடைக்குக் கீழே, தோல் மடிந்து தொங்கும் இடத்தில் மெல்லச் சொறிந்தாள். நாற்பது வருடப் பழக்கம். முதலில் மூக்கு வந்தது. பிறகு கழுத்து. பிறகு மெடோர் எழுந்தது. முன்னங்கால்கள் இரண்டு தூண்போல் நிமிர்ந்தன, பின்னங்கால்கள் நிமிர்ந்தன, அந்தப் பெரிய ஓடு தரையை விட்டு மேலே போனது, கழுத்து மேலே மேலே நீண்டு வானத்தைப் பார்த்தது. கண்ணைச் சுகமாக மூடிக்கொண்டது. வாலருகே குந்தியிருந்த ஒக்தாவின் தலை இப்போது ஓட்டின் நிழலில் இருந்தது.

"இப்ப யாரு யாரோட நெஞ்சு வரைக்கும் வர்றாங்க?" என்று கேட்டாள் ஃபிலோமென்.

ஒக்தாவ் எழுந்து பார்த்தான். மெடோரின் தலை அவன் நெஞ்சையும் தாண்டியிருந்தது. பிறகு வீட்டுச் சுவரில் சாத்தியிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தான். இருபது அடிதான். கூட்டம் பின்னாலேயே போனது. கத்தி வெயிலில் ஒருமுறை மின்னித் தண்ணீருக்குள் போனது.

"நல்ல கத்தியாச்சே!" என்று ஃபிலோமென் தலையில் கை வைத்தாள். "இனி விருந்துக்குப் பன்னிய எதால வெட்டறது?"

ஒக்தாவ் திரும்பி வந்து பட்டிச் சுவரைத் தாண்டி இறங்கினான். தாழையோலைத் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். மெடோர் ஒரு கண்ணைத் திறந்து தொப்பியைப் பார்த்தது. தின்னக்கூடியதுதானா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

கூட்டம் கலைய நேரமாயிற்று. ஆல்சிட் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு, போகும்போது லியோன்டினின் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனான். அண்ணனும் தங்கையும் மட்டும் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். ஒக்தாவுக்கு மனம் ஆறவில்லை.

"சத்தியம் பண்ணிட்டேன், சரி. ஆனா ஒண்ணு சொல்றேன் தங்கச்சி. நான் பாத்தது ஒண்ணே ஒண்ணுதான். அந்தத் தீவுகள்ல இதவிடப் பெருசெல்லாம் இருக்கு. கண்டிப்பா இருக்கு."

லியோன்டின் அடுத்த பப்பாளித் தோலை எடுத்து மெடோரின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"இருக்கட்டும்ண்ணே. அங்கயும் எவளோ ஒருத்தி கத்தி முன்னாடி நின்னு கத்தியிருப்பா, அதான் அதுங்களும் அவ்ளோ பெருசாயிருக்கு."