சுவர் போட்ட தாளம்

இஞ்ஞாசி குடியிருந்த எந்த வீட்டிலும் மூன்றாம் ஆண்டில் சுவர் தாளம் போடத் தொடங்கும். முதலில் யாரோ விரலால் தட்டுவதுபோல் இருக்கும். பிறகு அலமாரியில் தட்டுகள் குலுங்கும். இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் அழுத்தம் விழும் ரிதம் அண்ட் புளூஸ் தாளம் அது. அறுபதுகளில் அந்த இசையைச் சிங்கப்பூரில் முதன்முதலாக வாசித்த குழுக்களில் ஒன்றுக்கு அவர்தான் தலைவர். பிரிட்டிஷ் படைத்தள நடன விடுதிகளில் சாக்ஸபோனோடு முன்னால் நின்றவர். படைகள் கப்பலேறின, டிரம்மர் டாக்சி ஓட்டப் போனார், கித்தார்காரர் பெர்த்தில் குடியேறினார். தாளம் மட்டும் தன்னை விடவில்லை என்று இஞ்ஞாசி எல்லோரிடமும் சொன்னார், கொஞ்சம் பெருமையோடு.

அக்கம்பக்கத்தார் முறையிட முறையிட, அவரும் மனைவி அல்போன்சம்மாளும் பெட்டி கட்டிக்கொண்டே வாழ்ந்தார்கள். சிராங்கூன் சாலை, தோ பாயோ, சுவா சூ காங், செங்காங், இடையில் பெயர் மறந்த சில இடங்கள். மாதா படத்துக்கு ஆணி அடிப்பதையே அல்போன்சம்மாள் நிறுத்திவிட்டார். மாதா சோபாவில் சாய்ந்தபடி இருந்தார்.

பொங்கோலுக்கு வந்து மூன்றாம் ஆண்டு, கீழ்வீட்டு சம்சுன்னிசா கதவைத் தட்டினார். "அங்கிள், எங்க சீலிங் ஆடுதுலா. பையனுக்கு எக்ஸாம்." எண்பத்து மூன்று வயது இஞ்ஞாசி உடனே அட்டைப் பெட்டிகளை இறக்கினார். அல்போன்சம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வரல. நீங்க போங்க."

இஞ்ஞாசி சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு டன்லப் தெருவில் ஒரு வாடகை அறைக்குப் போனார். அங்கே சுவர் பேசவில்லை. புது இடத்தில் மூன்றாம் ஆண்டு வரை பேசாது என்று தெரிந்தும் காதை வைத்துப் பார்த்தார், செருப்பால் தட்டியும் பார்த்தார். உட்கார முடியாமல் தேக்கா சந்தைக்கும் பஃபலோ சாலைக்குமாக நடந்து கால் வீங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை சம்சுன்னிசா போன் செய்தார்.

"நீங்க போயும் நிக்கலையே அங்கிள். இன்னும் கூடிடுச்சு."

அவர் ரயிலேறிப் பொங்கோலுக்குத் திரும்பியபோது அல்போன்சம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மேசையில் கத்தி துள்ளிக்கொண்டிருந்தது. இஞ்ஞாசி சுவரில் காதை வைத்தார். எப்போதும் அவசரப்படுத்தும் அவருடைய தாளம் இல்லை இது. அரை மூச்சு தாமதித்து, நிதானமாக வந்து விழுந்தது. அப்படித் தாமதித்துப் பாடிய ஒருத்தியைத்தான் அவருக்குத் தெரியும்: லூர்து மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து, பாடகி வராத ஒரு மாலையில், சிலேத்தார் படைத்தளத்து மேடையில் அவரே ஏற்றிய பெண். சிப்பாய்கள் அவளை இறங்கவே விடவில்லை. அவர் அவளை மறுபடி பாட அழைக்கவில்லை, கல்யாணம் செய்துகொண்டார்.

"இது உன்னோடதா?"

"ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?" என்றார் அல்போன்சம்மாள், வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல்.

இஞ்ஞாசி சாக்ஸபோனை எடுத்து ஊதினார். "மெதுவா. எப்பவும் ஓடுறீங்க," என்று அதட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அல்போன்சம்மாள் பாடத் தொடங்கினார்.

சுவர் அதன் பிறகும் நிற்கவில்லை. சம்சுன்னிசாவின் மகன் அந்தத் தாளத்திலேயே வாய்பாடு மனப்பாடம் செய்து தேறினான். மின்தூக்கிக்குக் காத்திருப்பவர்கள் தோளை அசைத்தபடி நிற்கிறார்கள். சத்தம் குழாயிலிருந்தா என்று பார்க்க வந்த அதிகாரி சுவரில் வெகுநேரம் காதை வைத்திருந்துவிட்டு, பழுது ஏதும் இல்லை என்று சொல்லிப் போனார்.